உவரும் குருதியும்: வாந்திபேதி வைத்தியத்தில் அளவறிந்த வரலாறு

1819ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதம் 29ஆந் தேதி, மொரீசியசுத் தீவின் தலைநகராகிய போட் லூயித் துறையிலே 'டோபாசு' என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பல் நங்கூரமிட்டது. அது பாய்விரித்துப் புறப்பட்ட இடம் நம் திருகோணமலை. அடுத்த மாதத்திலே அத்தீவில் வாந்திபேதி தோன்றி ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. அக்கப்பலே நோயைக் கொணர்ந்ததென்று அங்குள்ள குடிகள் குமுறினர். அன்றென மறுத்தாரும் உளர். திருகோணமலை என்னும் பெயரை வைத்திய வரலாற்று நூல்களிற் காணும்போது நமக்கு இயல்பாகவே ஒரு மகிழ்ச்சி தோன்றும். ஆயினும் அப்பெயர் அங்கு இடம்பெற்ற காரணம் மகிழ்தற்குரியதன்று.

1817ஆம் ஆண்டு வங்காளத்து ஜெசோர்ப் பகுதியிலே பெருக்கெடுத்த அந்நோய், மறு ஆண்டு சென்னை மாகாணத்தினூடாகத் தெற்கே இறங்கி, 1818இன் இறுதியிலும் 1819இலும் இலங்கை எங்கும் பரவிற்று. வடமொழி வைத்திய நூல்கள் 'விசூசிகை' எனக் கூறும் நோயின் குறிகள் பல இதற்கும் பொருந்துவன. ஈழநாட்டார் இதனைக் 'கோதாரி' என்றனர். நோய் பெரும்பாலும் ஒழிந்த பின்னரும் அச்சொல் மட்டும் வசைமொழியாய் நம்மவர் நாவிலே தங்கிவிட்டது. காலையில் நலமாயிருந்தவன் மாலைக்குள் கண் குழிந்து, தோல் சுருங்கி, குரல் அடங்கி, நாடி தளர்ந்து இறத்தலைக் கண்ட தலைமுறையினர் அச்சொல்லை வசையாக்கியதில் வியப்பில்லை.

இந்நோயின் பரவலை ஈண்டு ஆராயப் புகவில்லை. நோயாளி இழந்த நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுத்தால் அவன் பிழைப்பான் என்னும் உண்மை 1832ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. அங்ஙனமாகவும், அவ்வுண்மை பயன்படு மருந்தாகி வருதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு மேற் சென்றது ஏன் என்பதே இக்கட்டுரையின் வினா. எதைக் கொடுப்பது என்பதை வைத்தியர் அறிந்திருந்தனர். எவ்வளவு கொடுப்பது என்பதை அளந்தறியும் வழி அவர்களிடம் இருக்கவில்லை என்பதே எமது விடை.

நோய் இலங்கைக்கு வந்த அக்காலத்திலே, 1816 முதல் 1820 வரை, இங்கு படை வைத்தியராய் இருந்தவருள் ஒருவர் ஜோன் டேவி என்பவர். இலங்கையின் உள்நாட்டைப் பற்றி 1821இல் ஒரு நூல் வெளியிட்டவர் இவரே. இவருடைய தமையனார் அம்பிரி டேவி, 1807ஆம் ஆண்டில் மின்னோட்டத்தைக் கொண்டு சோடியம், பொற்றாசியம் என்னும் இரு மூலகங்களையும் முதன்முதற் பிரித்தெடுத்த இரசாயன அறிஞர். வாந்திபேதி நோயாளியின் உடலிலிருந்து வெள்ளமாய் வெளியேறுவன இவ்விரு மூலகங்களின் உப்புக்களே. தமையனார் கண்ட பொருளுக்கும் தம்பியார் நின்ற நாட்டில் மக்கள் மடிந்ததற்கும் உள்ள தொடர்பு அன்று எவர்க்கும் புலப்படவில்லை. குருதி வாங்குதல், இரசக்கூட்டாகிய கலோமல் கொடுத்தல், அபினி கொடுத்தல் ஆகியனவே மேனாட்டு வைத்தியர் கைக்கொண்ட முறைகள். நீர் வற்றிக் குருதி தடித்த உடலிலிருந்து மேலும் குருதி வாங்கினால் விளைவது யாதென மாணவர் தாமே உய்த்துணர்வர்.

1831ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் நோய் இங்கிலாந்தின் வடகிழக்கே சண்டர்லாந்துத் துறைமுகத்தை அடைந்தது. எடின்பரோவிற் பட்டம் பெற்ற, 22 வயதே நிரம்பிய வில்லியம் புறூக் ஒசோனசி என்னும் அயர்லாந்து இளைஞர் அங்குச் சென்றார். நோயாளரின் குருதியையும் அவர்களின் வெண்ணிறப் பேதியையும் எடுத்து இரசாயன முறையிற் பகுத்தார். குருதி நீரின் பெரும்பகுதியை இழந்துள்ளது. உப்புக்களும் காரமும் அதிற் குறைந்துள்ளன. குருதியிற் குறைந்த உப்புக்களெல்லாம் பேதியில் உள்ளன. இவையே அவர் கண்ட முடிபுகள். இவற்றை 1831 திசெம்பர் இறுதியில் 'லான்செற்று' என்னும் வைத்திய வார இதழுக்குக் கடிதமாக எழுதினார். குருதியை அதன் இயல்பான நிலைக்கு மீட்பதற்கு உப்புக் கலந்த நீரை நாளத்தினுட் செலுத்தலாம் எனவும் கூறினார். ஒரு நோய்க்குரிய வைத்தியம் நோயாளியின் குருதியை ஆய்வுகூடத்திற் பகுத்ததன் பயனாகவே முன்மொழியப்பட்டமைக்கு, எமக்குத் தெரிந்தமட்டில், இதனினும் தெளிவான முன்னுதாரணம் இல்லை.

அதனைச் செய்து பார்த்தவர் தோமசு லற்றா. இவர் எடின்பரோவை அடுத்த இலீத்துத் துறைமுகத்து வைத்தியர். 1832ஆம் ஆண்டு மே மாதத்தில், நாடி இன்றி மரணத்தை எதிர்நோக்கிக் கிடந்த முதிய பெண்ணொருத்தியின் நாளத்திலே, கறியுப்பும் சோடியங் காபனேற்றும் சிறிதளவு கரைத்த இளஞ்சூட்டு நீரைச் சிறுகச் சிறுகச் செலுத்தினார். அரை மணி நேரத்தில் ஆறு பைந்து நீர் சென்றது. குழிந்த கண் ஒளிபெற்றது, குளிர்ந்த கைகால் சூடேறின, நாடி எழுந்தது. அவள் பிழைத்தாள் என நம்பி, லற்றா அவளை உதவி வைத்தியரிடம் ஒப்படைத்து அகன்றார். ஆனால் வாந்தியும் பேதியும் மீண்டும் தொடங்கின. அவள் இழந்ததை மறுபடி ஈடுசெய்வார் இல்லை. சில மணி நேரத்தில் அவள் இறந்தாள்.

இந்நிகழ்ச்சி சிறிது நின்று நோக்கத்தக்கது. லற்றா செலுத்திய திரவம் பிழையானதன்று. அவர் சென்ற வழியும் பிழையன்று. முதலில் இழந்த அளவை ஈடுசெய்தபின் தொடர்ந்து இழக்கும் அளவையும் கணக்கிட்டு ஈடுசெய்தல் வேண்டும் என்பதற்கு வேண்டிய அளவுகோல் ஒன்றும் அவர் கையில் இல்லை. நாடியையும் முகத்தையும் பார்த்தே நிறுத்தினார். பின்பு செய்யப்பட்ட முயற்சிகளிற் சில வெற்றி பெற்றன, பல தோற்றன. பலருக்கு இந்த வைத்தியம் உயிர்போகும் தறுவாயிலேயே செய்யப்பட்டது. நுண்ணுயிர்களைப் பற்றிய அறிவு தோன்றாத காலமாதலால் நீரும் தூய்மையற்றதாய் இருந்தது. லற்றா 1833இலேயே காலமானார். அவரோடு அந்த வைத்தியமும் பெரும்பாலும் கைவிடப்பட்டது.

ஒசோனசி யாது செய்தார் எனின், அவர் 1833இற் கிழக்கிந்தியக் கம்பனியின் சேவையில் இந்தியாவுக்கு வந்தார். 1835இல் நிறுவப்பட்ட கல்கத்தா வைத்தியக் கல்லூரியிலே இரசாயனப் பேராசிரியரானார். வாந்திபேதியின் தாயகமாகிய வங்காளத்திலேயே, அந்நோயின் உட்பொருளை முதற்கண்ட மனிதர், ஆய்வுகூடத்தோடு வாழ்ந்தார்! ஆயினும் அவர் சிந்தை கஞ்சாவின் மருத்துவக் குணங்களிலும், பின்பு மின்தந்தியிலும் சென்றது. இந்தியாவின் தந்திக் கம்பிகளை நாடெங்கும் நாட்டிய பெருமைக்காக 1856இல் 'சேர்' பட்டம் பெற்றார். குருதியின் உப்பை அவர் மீண்டும் ஆராய்ந்திருந்தால் எத்தனை உயிர் பிழைத்திருக்கும் என்று எண்ணாதிருக்க எம்மால் இயலவில்லை.

இடைப்பட்ட காலத்திலே நோய் நம் நாட்டைப் பலமுறை வருத்திற்று. 1866, 1867ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணம் பட்ட துயர் பெரிது. தென்னிந்தியாவிலிருந்து தோட்டத் தொழிலுக்கு வந்த ஏழை மக்கள் வழிநெடுக மாண்டனர். பிற்காலத்தில் மண்டபத்திலே அவர்களை நாட்கணக்கிற் தடுத்துவைத்த முகாம் இந்த அச்சத்தின் விளைவே. மானிப்பாயில் தமிழ்மொழி மூலம் மேனாட்டு வைத்தியம் கற்பித்த டாக்டர் சாமுவேல் கிறீனின் முயற்சியால் 1875இல் 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் தமிழில் வெளிவந்தது. உப்புக்களின் இயல்பைத் தமிழ் மாணவன் தன் மொழியிலே கற்கும் வாய்ப்பு அன்றே உண்டாயிற்று என்பதை இவ்விடத்து நினைத்தல் தகும்.

ஒசோனசி கற்பித்த அதே கல்கத்தா வைத்தியக் கல்லூரியில், 1900ஆம் ஆண்டு முதல் நோயியற் பேராசிரியராய் இருந்தவர் லெனாட் ரோசர்சு. உப்புநீர் செலுத்தும் முறை அக்காலத்தில் மீண்டும் வழக்கிற்கு வந்திருந்தது. எனினும் கல்கத்தா வைத்தியசாலையில் வாந்திபேதி நோயாளருள் நூற்றுக்கு 60 பேர் அளவில் இறந்துகொண்டே இருந்தனர். ரோசர்சு வினவிய வினா எளியது: இந்நோயாளியின் குருதி எவ்வளவு நீரை இழந்துள்ளது? அதனை அறிய அவர் கைக்கொண்ட கருவியும் எளியது. கிளிசரினையும் நீரையும் வெவ்வேறு விகிதத்திற் கலந்து, ஒன்றினொன்று சற்றே அடர்த்தி கூடிய திரவங்களாகச் சிறு போத்தல்களில் வரிசையாய் வைத்தார். நோயாளியின் விரல் நுனியிலிருந்து எடுத்த ஒரு துளி குருதியை ஒவ்வொன்றினுள்ளும் விட்டார். துளி மிதந்தால் குருதி அத்திரவத்தினும் இலேசானது. அமிழ்ந்தால் அதனினும் கனமானது. மிதவாதும் அமிழாதும் நின்றால் இரண்டும் ஒன்றே. இவ்வாறு குருதியின் தன்னீர்ப்பு நோயாளியின் கட்டிலருகே சில நிமிடங்களில் அறியப்பட்டது. நீரின் தன்னீர்ப்பை 1000 எனக் கொண்டால், நலமுள்ளவர் குருதி 1056 அளவில் நிற்கும். வாந்திபேதியிலோ அது 1060ஐக் கடந்து 1070ஐயும் எட்டுவதுண்டு.

இந்த எண்ணைக் கண்டே இன்னாருக்கு இத்தனை பைந்து செலுத்துக என்று ரோசர்சு வகுத்தார். எண் மீண்டும் ஏறினால் மீண்டும் செலுத்தினார். லற்றாவின் நோயாளி இறந்தது இந்த இரண்டாம் அளவை இன்மையால் என்பதை வாசகர் மறந்திரார். அதனோடு, குருதி உப்பையும் இழந்துள்ளதென்று கண்டு, பைந்து ஒன்றுக்கு 120 கிரெயின் கறியுப்பும் சிறிதளவு பொற்றாசியம், கல்சியம் ஆகியவற்றின் குளோரைட்டும் சேர்த்த செறிந்த கரைசலை ஆண்டார். 1908ஆம் ஆண்டிலே இம்முறை தொடங்கியபின் இறப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. 1910இல் மணிலாவில் செலாட்சு என்பவர் இந்நோயாளரின் உடலிற் காரம் குறைகிறதென்று காட்டினார். பின்னர் ரோசர்சு சோடியம் இருகாபனேற்றையும் சேர்க்க, இறப்பு மேலும் தாழ்ந்தது. காரம் குறைகிறதென ஒசோனசி எழுதி எண்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

ரோசர்சின் முறையிற் குறையும் உண்டு. முழுக் குருதியின் தன்னீர்ப்பு அதிலுள்ள நீரை மட்டும் பொறுத்ததன்று. செங்குழியங்களின் தொகையையும் பொறுத்தது. கொழுக்கிப் புழுவாலும் ஊட்டக் குறைவாலும் சோகை கொண்ட ஏழை உழவனின் குருதி இயல்பிலேயே இலேசானது. அவன் நீர் வற்றிச் சாகுந் தறுவாயில் இருப்பினும் போத்தல் காட்டும் எண் பொய்யான ஆறுதலைத் தரும்.

இக்குறையை நீக்கியவர் அமெரிக்கக் கடற்படை வைத்தியர் இறொபேட்டு பிலிப்சு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இறொக்பெல்லர் வைத்தியசாலையிலே வான் சிலைக் என்பாரோடு சேர்ந்து, கிளிசரினுக்குப் பதிலாகச் செப்புச் சல்பேற்றுக் கரைசலை ஆளும் முறையை இவர் அமைத்தார். அக்கரைசலில் விழும் குருதித்துளியைச் சுற்றி உடனே ஒரு மென்படலம் உண்டாகி, துளி கரையாது சில விநாடிகள் நிற்க வைக்கும். அந்நேரம் போதும். முழுக் குருதியோடு, செங்குழியம் நீக்கிய குருதிநீரையும் தனியே அளந்தமையால் சோகையால் வரும் மயக்கம் தீர்ந்தது. 1947இல் எகிப்திலே வாந்திபேதி பரவியபோது பிலிப்சு கெயிரோவில் இதனைக் கையாண்டார். பின்னர் எழுந்த கணக்கு மாணவர்க்குச் சுவையானது. குருதிநீரின் தன்னீர்ப்பு 1.025இற்கு மேல் ஏறும் ஒவ்வோர் ஆயிரத்திலொரு பங்குக்கும், உடல் நிறையின் ஒவ்வொரு கிலோக்கிராமுக்கும் 4 மில்லிலீற்றர் வேண்டும். 50 கிலோ நிறையுள்ளவனின் குருதிநீர் 1.040இல் நின்றால், 15ஐ 4ஆலும் 50ஆலும் பெருக்க 3000 மில்லிலீற்றர், அதாவது மூன்று லீற்றர் ஆகிறது.

அக்காலத்தில் அளவைக் கருவிகளும் பெருகின. முன்னர்ச் சோடியத்தையும் பொற்றாசியத்தையும் இரசாயன முறையில் அளப்பது நெடுநேரம் பிடிக்கும் வேலை. முடிவு வருமுன் நோயாளி போய்விடுவான். 1940களில் வந்த சுவாலை ஒளிமானி அதனை நிமிடக் கணக்கிற் செய்தது. பொற்றாசியத்தின் அருமை அதன் பின்னரே நன்கு விளங்கிற்று. பேதியில் அது மிகுதியாய் வெளியேறும். குறைந்தால் தசை தளர்ந்து இதயத் துடிப்பும் பிறழும். அது கருதி விரைந்து நாளத்திற் செலுத்தினாலோ இதயம் நின்றே போகும். குறையினும் கொல்வது, மிகினும் கொல்வது. ஆகவே அளவாமல் தொடத்தகாதது.

இதற்கிடையே கல்கத்தாவில் ஏமேந்திரநாத் சட்டர்ஜி என்னும் வைத்தியர் 1953இல் 'லான்செற்று' இதழிலே ஒரு செய்தி வெளியிட்டார். உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாயாற் குடிப்பித்தே, நாளத்தில் ஒன்றும் செலுத்தாது, கடுமை குறைந்த நோயாளர் 186 பேரைத் தேற்றினேன் என்றார். வாந்தியை அடக்க நம் வீட்டு முற்றத்திலே வளரும் கற்பூரவள்ளி இலைச்சாற்றையும் அவர் கொடுத்தார். மேனாட்டார் அதனைப் பொருட்படுத்தவில்லை. இந்தியர் ஒருவர் கூறியமையால் புறக்கணித்தனர் என்பாருமுளர். அதிற் சிறிது உண்மையும் இருக்கலாம். ஆயின் அவர் கட்டுரையில் ஒப்பீட்டுக்குழு இல்லை. உட்சென்றது எவ்வளவு, வெளிவந்தது எவ்வளவு, உடலில் நின்றது எவ்வளவு என்னும் அளவுகளும் இல்லை. அவர் வழியே சரியென்பதைப் பிற்காலம் காட்டியது. எனினும், அளவு கூறாத உண்மை பிறரை நம்பவைக்கும் வலியற்றது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

அளவு பிழைத்தால் யாதாகும் என்பதை 1962இல் மணிலா காட்டிற்று. குளுக்கோசு உடனிருந்தால் குடல் உப்பை உறிஞ்சும் என்று கண்ட பிலிப்சு, வாய்வழிக் கரைசலை அங்கே நோயாளர் 30 பேரிடம் பரீட்சித்தபோது ஐவர் இறந்தனர். கரைசலின் உப்புச் செறிவும் நீரின் கணக்கும் இன்னும் திருந்தாதிருந்தன. அளவைக் கலையிற் பேராசானே இடறிய இடம் அது. அவர் நெடுங்காலம் அம்முயற்சியை அஞ்சி ஒதுக்கினார்.

1960இல் டாக்காவில் நிறுவப்பட்ட வாந்திபேதி ஆய்வுகூடத்திலே டேவிட் நலின், இறிச்சாட் காசு என்னும் இளம் வைத்தியர் இருவர் அப்பணியை மீண்டும் எடுத்தனர். அவர்கள் செய்த புதுமை கடினமானதன்று: நோயாளி வெளியேற்றியதை அடிக்கடி அளந்து, அதே அளவு கரைசலை அவனைக் குடிப்பித்தனர். நோயாளர் 29 பேரிடம் செய்த அச்சோதனை 1968இல் வெளிவந்தது. நாளவழித் திரவத்தின் தேவை ஐந்தில் ஒன்றாகச் சுருங்கியது. 1971இல் வங்காளப் போரின்போது இந்திய எல்லையிலுள்ள வனகாவில் அகதிகள் சாரை சாரையாய் வந்து வீழ்ந்தனர். நாளவழிச் சேலைன் தீர்ந்துபோன நிலையிலே டாக்டர் திலீப் மகலானபிசு, லீற்றருக்கு 22 கிராம் குளுக்கோசும் 3.5 கிராம் கறியுப்பும் 2.5 கிராம் இருகாபனேற்றும் கலந்து, உறவினர் கையாலேயே நோயாளருக்குப் புகட்டுவித்தார். நூற்றுக்கு 30 அளவிலிருந்த இறப்பு அவர் பொறுப்பிலிருந்தவர்களிடையே 4க்குக் கீழ் இறங்கியது. அம்முகாமிலே குருதி அளக்கும் கருவி எதுவும் பயன்படவில்லை, வேண்டியிருக்கவுமில்லை. நூற்று நாற்பது ஆண்டுக்காலத்து அளவைகளெல்லாம் அந்தச் சிறு பொட்டலத்தினுள் முன்கூட்டியே அடங்கியிருந்தன.

பின்னரும் அளவை நிற்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பொட்டலத்தில் 1.5 கிராம் பொற்றாசியங் குளோரைட்டு சேர்ந்தது. குழந்தைகளின் சாதாரண வயிற்றோட்டத்துக்கு உப்புச் சற்று மிகையெனக் கண்டு, 2002ஆம் ஆண்டளவிற் கறியுப்பு 2.6 கிராமாகவும் குளுக்கோசு 13.5 கிராமாகவும் குறைக்கப்பட்டன. நம் நாட்டில் 'ஜீவனி' என்னும் பெயரால் மக்கள் அறிந்த பொட்டலம் இவ்வகையினதே. அதனை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைக்கவேண்டும் என்னும் விதியைச் சிலர் பொருட்படுத்துவதில்லை. அரைப் போத்தலிற் கரைத்தால் மருந்து இரட்டிப்பாகும் என எண்ணுதல் மணிலாவின் பிழையை வீட்டிற் செய்வதாகும். இளநீரே போதுமென்பாருக்கும் ஒரு சொல்: இளநீரிற் பொற்றாசியம் மிகுதி, சோடியம் மிகக் குறைவு. பேதியில் இழப்பதோ சோடியமே பெரும்பகுதி. நிலாவெளி உப்பளத்தின் உப்பும் கரைத்தென்னையின் இளநீரும் தனித்தனியே நில்லாமல் ஒன்றுசேர வேண்டிய இடம் இது.

ரோசர்சின் போத்தல்கள் இன்று கல்கத்தாவிலும் பயன்படுவதில்லை. எனினும் அவர் வினவிய வினா நம் மாவட்டத்தில் 2017ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே கட்டில்தோறும் மீண்டும் வினவப்பட்டது. கிண்ணியாவிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் டெங்குக் காய்ச்சல் பலரைக் கொண்டுசென்ற காலம் அது. அவ்வாண்டு இலங்கை முழுவதிலும் டெங்கு என ஐயுறப்பட்டோர் தொகை 186,000ஐக் கடந்தது. டெங்கின் கடுமையான வடிவிலே குருதிநீர் நாளங்களின் சுவரினூடே கசிந்து வெளியேற, எஞ்சிய குருதி தடிக்கும். அதனை அறிய வைத்தியசாலைகளில் 'பி.சி.வி.' எனப்படும் பரிசோதனையைச் செய்வர்: ஒரு துளி குருதியை மெல்லிய கண்ணாடிக் குழாயிலிட்டுச் சுழற்றி, செங்குழியங்கள் அடையும் பங்கைக் காண்பர். எண் ஏறினால் சேலைன் கூட்டுவர். திடீரென இறங்கினால் உள்ளே குருதி கசிகிறதோ என ஐயுற்றுக் குருதியே ஏற்ற ஆயத்தமாவர். இரண்டொரு நாளிற் கசிந்த நீர் தானே திரும்பி நாளத்தினுட் புகும். அதன்பின்னும் சேலைன் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்து நோயாளி மூச்சு முட்டி இறக்கவும் கூடும். சில மணிக்கொருமுறை விரலிற் குத்துகிறார்களே என்று நோயாளியின் தாய் நொந்துகொள்ளும்போது, தாதி அட்டவணையில் எழுதும் அவ்வெண், இலீத்து நகரத்து முதியவளுக்கு 1832இல் எவரும் எழுதாத எண்ணாகும்.